மேடை விளக்கு அணையும்போது ஏன் படிப்படியாக விழுகிறது?

மே 4, 2024. தொண்டி வாசகரின் கேள்வி

எங்கள் ஊர்த் திருவிழாவில் இந்த ஆண்டும் விடிய விடிய நாடகம் நடந்தது. முப்பது ஆண்டுகளாகத் தவறாமல் பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் மயானக் காட்சியில் பெரிய ஹாலஜன் விளக்கு மெல்லச் சிவந்து, அடுப்புத் தணல் போலக் கனன்று, அதன் பிறகே இருள் வரும். இந்த ஆண்டு எல்லாம் எல்இடி. அணையும்போது மாடிப்படியில் இறங்குவது போலத் தத்தித் தத்தி விழுந்து, கடைசியில் பட்டென்று இருண்டுவிட்டது. நள்ளிரவுக்குப் பிறகு விளக்குகள் தாமாகவே நடுங்கவும் செய்தன. டிஜிட்டல் கட்டுப்பாடு நம் கடற்கரை மேடைக்கு ஏற்றதல்ல என்பது என் முடிவு. தொழில் தெரிந்தவர்கள் மறுக்க முடியுமா?

மே 4, 2024, இரவு 11.40

இரண்டு குறைகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள், ஐயா. நடுங்குவது வேறு, தத்தி விழுவது வேறு. நான் மண்டபம் ஊரில் லைட் செட் தொழில் செய்பவன்; என் தந்தையும் இதே தொழில்தான். நடுக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் குற்றம் பெரும்பாலும் கம்பியுடையது.

விளக்குகளை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டு மேசையிலிருந்து விளக்குக்குப் போகும் கட்டளை முறைக்கு டிஎம்எக்ஸ் 512 என்று பெயர். அமெரிக்காவில் யுஎஸ்ஐடிடி என்ற நாடகத் தொழில்நுட்ப அமைப்பு அதை 1986ல் வகுத்து, 1990ல் திருத்தியது. அதற்கு முன்னர், விளக்கை மங்கவைக்கும் கருவியான டிம்மர் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுத்து, அதில் 0 முதல் 10 வோல்ட் வரை கொடுத்து ஆட்டுவித்தார்கள். 48 டிம்மர் என்றால் 48 கம்பி. இல்லையென்றால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழி வைத்திருந்தது. ஒருவருடைய மேசை சொல்வது இன்னொருவருடைய டிம்மருக்குப் புரியாது. டிஎம்எக்ஸ் ஒரே சோடிக் கம்பியில் 512 எண்களை, ஒவ்வொன்றும் 0 முதல் 255க்குள், வரிசையாக ஓதிக்கொண்டே இருக்கிறது. நொடிக்கு 2,50,000 பிட். ஓர் எண்ணுக்கு 44 மைக்ரோ நொடி. 512ஐயும் ஓதி முடிக்க ஏறக்குறைய 23 மில்லி நொடி. முடித்தவுடன் மறுபடியும் முதலிலிருந்து, நொடிக்கு 44 தடவை. பந்தியில் பரிமாறுபவர் இலை வரிசையாகப் போவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 37ஆம் இலையில் உட்கார்ந்திருக்கும் விளக்கு, 36 இலைகள் கடந்ததும் தன் இலையில் விழுவதை எடுத்துக்கொள்கிறது.

இதில் ஒரு குறை உண்டு. பரிமாறுபவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. விளக்குக்குக் கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று மேசைக்குத் தெரியாது. வந்த எண் பிழையானதா என்று சரிபார்க்கும் ஏற்பாடும் இல்லை. கம்பியில் இரைச்சல் புகுந்து 180 என்பது 20 ஆகிவிட்டால், விளக்கு அதை அப்படியே நம்பி மங்கும்; அடுத்த சுற்றில் சரியான எண் வந்ததும் நிமிரும். நீங்கள் பார்த்த நடுக்கம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இரைச்சலைத் தடுக்கத்தான் ஆர்எஸ்-485 என்ற மின்முறை உள்ளது: முறுக்கிய இரு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிரான மின்னழுத்தம் போகிறது, விளக்கு அவற்றின் வேறுபாட்டை மட்டும் படிக்கிறது, வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறுவதால் கழிந்துபோகிறது. 300 மீட்டர் வரை இழுக்கலாம். நம் ஊர் மேடைக்கு அது தாராளம்.

மே 5, 2024, காலை 6.15

300 மீட்டர் என்று நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். அது அதற்கென்று செய்த, 120 ஓம் தன்மையுள்ள கேபிளுக்கான கணக்கு. நம் பக்கத்தில் பாதிப் பேர் மைக் கேபிளைத்தான் மாட்டுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். மைக் கேபிளில் 30 மீட்டரிலேயே தகராறு வரலாம். விதிப்படி டிஎம்எக்ஸுக்கு ஐந்து பின் உள்ள எக்ஸ்எல்ஆர் சொருகிதான் வேண்டும். சந்தையில் மலிவாக வரும் விளக்குகள் மூன்று பின்னோடு வருகின்றன, மைக் கேபிளிலும் அதே மூன்று பின், ஆகவே கை தானாகவே அதை எடுக்கிறது. மூன்று பின் வைத்தவர்கள் நமக்குச் செய்த தீங்கு இதுதான்.

மே 9, 2024

கம்பியைக் குற்றவாளி என்றதற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், உச்சிப்புளிப் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில் திருவிழா நாடகம். பதினான்கு எல்இடி பார் விளக்குகளை (டப்பா வடிவ மேடை விளக்குகள்) ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருந்தேன். ராஜபார்ட் நடிகர் மேடைக்கு வந்து முதல் விருத்தம் எடுத்ததும், கடைசி நான்கு விளக்குகள் துடிக்கத் தொடங்கின. பபூன் வேடக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “மகாராஜா வந்ததும் விளக்குக்கே கைகால் உதறுது” என்று சொல்லி, கூட்டத்தைச் சிரிக்கவைத்து என்னைக் காப்பாற்றினார். நான் மேடைக்குப் பின்னால் விளக்குகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். எதை மாற்றினாலும், வரிசையின் கடைசியில் எது இருக்கிறதோ அதுவே துடித்தது. விளக்கில் கோளாறு இல்லை, இடத்தில் கோளாறு என்பது அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். விடியும் வரை உறைக்கவில்லை.

கம்பியின் கடைசி முனையை வெறுமனே விட்டால், மின்துடிப்பு அங்கே மோதித் திரும்பி வருகிறது. அலை கரையில் அடித்துத் திரும்பும்போது அடுத்து வரும் அலையோடு கலந்து குழம்புவதைத் தினமும் பார்க்கும் ஊர்க்காரர்கள் நாம். அதேதான் அந்தக் கேபிளுக்குள்ளும் நடந்தது. இதற்கான மருந்து ஒரு 120 ஓம் ரெசிஸ்டர். எக்ஸ்எல்ஆர் சொருகி ஒன்றை எடுத்து, 2ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் நடுவே அதைப் பற்றவைத்து, கடைசி விளக்கின் வெளிவாயில் சொருகிவிட்டால் அலை அங்கேயே அடங்கிவிடும். அடுத்த ஊரில் அதைச் சொருகினேன்; அதே விளக்குகள், அதே மைக் கேபிள், ஒரு துடிப்பும் இல்லை. பிறகு கேபிளையும் மாற்றினேன்.

இன்னொரு காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேடை ஜெனரேட்டரிலும், மேசை ஊர் லைனிலும் இருந்தால் இரண்டின் எர்த்துக்கும் நடுவே வோல்ட் வேறுபாடு நிற்கும். ஆர்எஸ்-485 சில்லு ஒரு பக்கம் 7 வோல்ட், மறுபக்கம் 12 வோல்ட் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் எரிந்துவிடும். நம் மணல் தரையில் அடிக்கும் எர்த் கம்பி காய்ந்த மணலில் பிடிப்பதே இல்லை. எனவே ஒளியால் கட்டளையைக் கடத்தி மின்தொடர்பை அறுத்துவிடும் ஸ்பிளிட்டர் ஒன்றை மேசைக்கும் மேடைக்கும் நடுவே வைக்காமல் நான் இப்போது வேலை ஏற்பதில்லை.

மே 12, 2024. தொண்டி வாசகர்

நடுக்கத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் முதலில் கேட்டது அந்தத் தணலைப் பற்றி. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மே 13, 2024

அதைத் தள்ளிப்போட்டது உண்மை. அதில் உங்கள் பக்கம் நியாயம் இருப்பதால்தான் தள்ளிப்போட்டேன்.

ஹாலஜன் விளக்கை டிம்மர் எப்படி மங்கவைக்கிறது என்று முதலில் பார்ப்போம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 அரை அலைகள், ஒவ்வொன்றும் 10 மில்லி நொடி. டிம்மரில் உள்ள டிரையாக் என்ற மின்கதவு ஒவ்வோர் அரை அலையிலும் தாமதித்துத் திறக்கிறது. எவ்வளவு தாமதமோ அவ்வளவு மங்கல். 1957ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டிரையாக்கின் முன்னோடியான தைரிஸ்டர் பிறந்ததால் வந்த வசதி இது. அதற்கு முன் 1940களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஐசனவர் வாயு நிரப்பிய தைரட்ரான் குழாய்களால் இதே வேலையைச் செய்து காட்டியிருந்தார். வெட்டி வெட்டிக் கொடுத்தாலும் 1000 வாட் விளக்கின் தடித்த டங்ஸ்டன் இழை அதை வெட்டாகக் காட்டுவதில்லை. சூடேறிய இழை ஆறுவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. மேசை படியாகச் சொன்னதை இழை சரிவாக மாற்றிவிடுகிறது. ஆறும்போது வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகிறது. ஐயா சொன்ன தணல் அந்த இழையின் வெப்பம்; விளக்குக்காரர் கைத்திறனால் வந்ததன்று.

எல்இடியில் ஆறுவதற்கு எதுவுமே இல்லை. அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை முழுதாக எரித்து முழுதாக அணைக்கிறார்கள். எரியும் நேரத்தின் பங்கைக் குறைத்தால் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. 1997ல் தொடங்கிய கலர் கைனடிக்ஸ் நிறுவனம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் இந்த முறையில் எண்களால் கலந்து வண்ணம் உண்டாக்குவதைத் தொழிலாக்கியது. அதற்கு நீல எல்இடி வேண்டியிருந்தது. 1993ல் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்இடியைக் கொண்டுவந்த பின்தான் அது கைகூடியது, அதற்கு அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எல்இடி, மேசை சொன்னதை அந்தக் கணமே செய்துவிடும். சொல்லப்பட்டது படியென்றால் படிதான் தெரியும்.

இப்போது எண்ணைப் பாருங்கள். மயானக் காட்சி ஒரு நிமிடத்தில் இருள வேண்டும் என்றால், 255 படிகளை 60 நொடிக்குப் பங்கிட ஒரு படிக்குக் கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. உச்சத்தில் 255இலிருந்து 254க்கு இறங்குவதை யாரும் காண முடியாது. அடியில் 2இலிருந்து 1க்கு இறங்கும்போது ஒளி பாதியாகிறது; 1இலிருந்து 0 என்றால் இருந்ததும் போய்விடுகிறது. இருட்டுக்குப் பழகிய கண் அதைத் தவறவிடாது. கடற்கரை ஊரில், மேடையைச் சுற்றி வேறு வெளிச்சமே இல்லாத இடத்தில், மணலில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது அறைந்தது போலத் தெரியும்.

ஒன்றை மட்டும் மறுக்கிறேன். நான் 2009 முதல் ஹாலஜன் விளக்குகளையும் டிஎம்எக்ஸ் டிம்மர் மூலமே ஆட்டி வருகிறேன். அவற்றுக்குப் போனதும் இதே 255 படிகள்தான். அந்த ஆண்டுகளில் என் மேடையில் தணலைப் பார்த்தவர்கள் டிஜிட்டல் தணலைத்தான் பார்த்தார்கள்.

மே 14, 2024

படிகளை அதிகமாக்க வழி உண்டு என்பதைச் சேர்க்க மறந்தேன். ஒரு விளக்குக்கு இரண்டு இலைகள் போட்டு, ஒன்றில் பெரிய எண்ணும் மற்றதில் நுணுக்க எண்ணும் பரிமாறினால் 65,536 படிகள் கிடைக்கும். 16 பிட் என்பது அதுதான். தலை திருப்பும் விளக்கில் இதன் அருமை நன்றாகப் புரியும்: 540 பாகை சுழலும் தலையை 256 படியில் திருப்பினால் ஒரு படிக்கு 2 பாகைக்கு மேல், 20 மீட்டர் தள்ளி நிற்கும் நடிகர் மேல் ஒளி ஒரே தாவலில் முக்கால் மீட்டர் நகரும். 65,536 படியில் அது 3 மில்லிமீட்டர். இத்தகைய தானியங்கி விளக்கு 1981 செப்டம்பர் 25 அன்று பார்சிலோனாவில் ஜெனிசிஸ் குழுவின் இசை மேடையில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் வந்தது. டல்லஸ் நகரத்து ஷோகோ நிறுவனத்தார் செய்த வாரிலைட். அப்போது டிஎம்எக்ஸே பிறந்திருக்கவில்லை; தமக்கென ஒரு கட்டளை மொழியையும் அவர்களே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

மே 26, 2024

நள்ளிரவுக்குப் பிறகுதான் நடுக்கம் வந்தது என்று ஐயா முதல் கேள்வியில் எழுதியிருந்ததை நான் கவனிக்காமல் விட்டேன். இன்று மறுபடியும் படித்தபோது அந்தச் சொல் உறுத்தியது. கடைசி விளக்கில் 120 ஓம் முனைச் சொருகி இல்லாத குறையென்றால் மாலை ஆறு மணிக்கே நடுங்கியிருக்கும். நான் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இது நம் கரைக்கே உரிய நோய். கடற்காற்றில் வரும் உப்பு, பின்களின் மேலும் சர்க்யூட் பலகை மேலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. காய்ந்திருக்கும் வரை அது தீங்கு செய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைக் கடந்தால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்து, மின்சாரம் கடத்தும் திரவமாகிவிடும். நள்ளிரவுக்குப் பிறகு காற்று குளிர்ந்து ஈரம் ஏறும்போது 2ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் நடுவே கசிவு தொடங்குகிறது. விடிந்து வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். பகலில் கடையில் மேசை மேல் வைத்துச் சோதித்தால் விளக்கு ஒழுங்காக எரியும். மூன்று ஆண்டுகள் இந்த நோயைப் பிடிக்க முடியாமல் நல்ல விளக்குகளை மதுரைக்கு அனுப்பி, “குறை ஒன்றும் இல்லை” என்று திரும்ப வாங்கியிருக்கிறேன்.

ஈரத் துணியால் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றித் தூரிகையால் தேய்த்துக் கழுவுகிறேன். பச்சை பூத்த பின்களை வெட்டி எறிகிறேன். முலாம் பூசிய பின் விலை கூடுதல் என்றாலும் அதையே வாங்குகிறேன். ஐபி65 என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். அந்த எண் தூசியும் பீய்ச்சும் நீரும் உள்ளே போகாது என்பதற்கான சோதனை. உப்பு அரிப்புக்கு அந்தச் சோதனையில் இடமே இல்லை.

ஜூன் 2, 2024

உப்பைத் திட்டிவிட்டேன், அதன் பெருமையையும் எழுத வேண்டும். லண்டன் சவோய் அரங்கு 1881ல் மின்விளக்குக்கு மாறிய அந்தத் தலைமுறையில், மேடை விளக்கை மங்கவைக்க உப்புநீரையும் பயன்படுத்தினார்கள். ஒரு சாடியில் உப்புநீர். அடியில் ஓர் உலோகத் தகடு அசையாமல் கிடக்கும், மேலே கயிற்றில் இன்னொரு தகடு தொங்கும். தகட்டை இறக்கினால் விளக்கு பிரகாசிக்கும், தூக்கினால் மங்கும். உப்பு கூடினால் கடத்தல் கூடும், சாடி கொதித்தால் நீர் வற்றும், ஆகவே ஒரு ஆள் அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்திகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாடி நினைவுக்கு வரும். அந்த முறையில் படியே கிடையாது. ஐயா கேட்கும் சரிவு அதில் தானாகவே இருந்திருக்கும்.

என் தந்தையிடம் இருந்தது மர உருளை. அதன் மேல் செப்புத் தகடுகளை வெட்டி ஒட்டி, மோட்டாரால் சுழற்றி, வரிசையாகத் தொட்டு நிற்கும் கம்பி விரல்கள் வழியே சீரியல் செட்டை ஓடவைப்பார். தகடு எங்கே இருக்கிறதோ அந்த விளக்கு எரியும், எங்கே இல்லையோ அணையும். இரவெல்லாம் நீலப் பொறி பறக்கும். அந்தக் கருகல் வாசம் அவர் சட்டையிலேயே இருக்கும். இன்றைக்கு மேசையில் நான் எழுதும் நிரல் அந்த உருளையின் வழிவந்ததே. புதிய கோலம் வேண்டும் என்றால் அவர் தகட்டைச் சுரண்டி எடுத்து மறுபடி ஒட்ட இரண்டு நாள் ஆகும்.

ஜூன் 3, 2024

உப்புநீர்ச் சாடியை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். 230 வோல்ட் திறந்த நீரில் நிற்கும். தொட்டால் உயிர் போகும்.

ஜூன் 20, 2024

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இந்த மாதம் ஒரு விழாக் குழுவினர், அரக்கன் விழும் காட்சியில் மத்தாப்பு தானாகப் பற்ற வேண்டும், அதை டிஎம்எக்ஸ் மேசையிலேயே இணைத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். மறுத்துவிட்டேன், வேலையும் கைவிட்டுப் போயிற்று. பிழை பார்க்காத கட்டளை இது என்று மே 4 அன்று எழுதினேன் அல்லவா? 0 என்பது 255 ஆகிவிட்டால் விளக்கு ஒரு கணம் மின்னும், அவ்வளவுதான். மத்தாப்பு என்றால், அருகில் நிற்கும் பிள்ளையின் முகத்தில் பற்றும். ஆளுக்கு ஆபத்து தரும் எதையும் இதனால் இயக்கக் கூடாது என்று டிஎம்எக்ஸ் விதியே சொல்கிறது.

விளக்கு திரும்பப் பேசும் முறையும் இப்போது உண்டு. 2006ல் தரமாக்கப்பட்ட ஆர்டிஎம், அதே சோடிக் கம்பியில் விளக்கின் முகவரி, சூடு, எரிந்த மணிநேரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கும். ஏணி வைத்து ஏறாமல் கீழிருந்தே முகவரி மாற்றலாம் என்பதே எனக்குப் போதும். காற்று அடிக்கும் கரையில் ஏணி ஏறுவது எவ்வளவு ஆபத்து என்பது ஏறியவர்களுக்குத் தெரியும்.

ஜூலை 7, 2024

கம்பியில்லா டிஎம்எக்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: மாலையில் ஒத்திகையில் அருமையாக வேலை செய்யும். கூட்டம் கூடி ஆயிரம் கைப்பேசிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசத் தொடங்கிய பிறகு என் மலிவான பெட்டி திணறியது. நான் கம்பிக்கே திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, 2024

தேவிபட்டினம் பக்கத்து ஊரில் ஆடித் திருவிழா நாடகம் நேற்று இரவு நடந்தது. தொண்டி ஐயாவை அழைத்திருந்தேன். வந்து மூன்றாவது வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார்.

மயானக் காட்சிக்கு நான் செய்தது இது. எட்டு எல்இடி விளக்குகளையும் 16 பிட்டுக்கு மாற்றினேன். அணையும் நேரம் 50 நொடி. நேர்கோடாக இறக்காமல், மேலே வேகமாகவும் அடியில் மிக மெதுவாகவும் இறங்கும் வளைவைக் கொடுத்தேன். இறங்க இறங்க நீலத்தை முதலில் எடுத்து, பிறகு பச்சையைக் குறைத்து, சிவப்பும் ஆம்பரும் (செம்மஞ்சள்) மட்டும் மிஞ்சுமாறு எழுதினேன், ஏனென்றால் எல்இடி தானாகச் சிவக்காது. ஒத்திகையில் பார்த்தபோது படி தெரியவில்லை. ஆனால் அடிமட்டத்தில் அந்த விளக்குகளால் ஓர் எல்லைக்குக் கீழே எரிய முடியவில்லை. மெல்லிய ஒளியாக நின்று, திடீரென்று இல்லாமல் போயின. ஆகவே பழைய பார் 64 ஹாலஜன் விளக்கு ஒன்றை, 1000 வாட், டிரையாக் டிம்மரில் இணைத்து, சிதைக்குப் பின்னால் தரையில் படுக்கவைத்தேன். எல்இடி மறையும் இடத்தில் அது ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்குமாறு நேரம் அமைத்தேன். எட்டும் ஒன்றும் ஒரே மேசையில், ஒரே கம்பியில்தான் இருந்தன.

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குக் காட்சி வந்தது. ஒரு விளக்கும் நடுங்கவில்லை. இருண்ட பிறகும் சில நொடிகள் கூட்டத்தில் யாரும் அசையவில்லை. ஒரு குழந்தை மட்டும் அழுதது.

முடிந்ததும் ஐயா மேடைக்குப் பின்னால் வந்தார். “கடைசியாகப் போனது மட்டும் பழைய விளக்கு, இல்லையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு எந்த இடத்திலும் அவரால் வேறுபாடு காண முடியவில்லை என்றும் சொன்னார்.

என்னிடம் பார் 64 பல்பு இன்னும் மூன்றே இருக்கின்றன. இராமநாதபுரம், பரமக்குடிப் பக்கம் பழைய செட்டுக்காரர் யாரிடமாவது இழை அறாத 1000 வாட் பல்பு கிடந்தால் இங்கே எழுதுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.